ஆங்கிலம் கதைக்கும் பயம் போக எந்த வழி: கிளாஸா, ஒன்லைனா, கடற்கரையா, கூட்டாளியா?

"சேர், கதைச்சுப் பழகுறதுக்கு எந்தக் கிளாஸ் நல்லம்?" மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆங்கிலம் படிப்பிக்கிற எவரிடமும் அடிக்கடி வருகிற கேள்வி இது. என்னிடமும் வருகிறது. கேட்பவர்களில் அனேகர் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள். சாதாரண தரத்தில் ஏ எடுத்தவர்களும் உண்டு, பி எடுத்தவர்களும் உண்டு. ஒரு பந்தியைக் கொடுத்தால் வாசித்து விளங்கிக்கொள்வார்கள். ஆனால் கொழும்புக் கொம்பனி ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கோல் வந்துவிட்டால், போனைப் பக்கத்தில் இருப்பவரின் கையில் திணித்துவிட்டு எழும்பிவிடுவார்கள்.

இவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆர் பக்கத்தில் நின்றால் உங்களுக்கு வாய் அடைக்கிறது? பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "வெள்ளைக்காரனோட எப்படியும் சமாளிச்சிடுவன் சேர். எங்கட ஆக்கள் நிக்கிற இடத்திலதான் ஏலாது." வழியைத் தெரிவுசெய்ய வேண்டியது இந்தப் பதிலை வைத்துத்தான் என்பது என் உறுதியான எண்ணம். கட்டணம், தூரம், சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பயம் ஆருடைய காதுக்கு?

கல்முனைக் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அம்பாறை நகரத்திலிருந்து சாரி எடுக்க வந்த சிங்களக் குடும்பத்தோடு கடை முதலாளி மளமளவென்று சிங்களம் கதைப்பார். அது பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் அல்ல, கடையில் நின்று காதால் பிடித்தது. வினைச்சொல் பிழைக்கும், ஒருமை பன்மை மாறும். வந்தவர்கள் சிரிப்பதில்லை, அவரும் கூசுவதில்லை. விலை பேசி முடிந்து சாரி பையில் ஏறிவிடும். அதே முதலாளியின் மகன், ஆங்கிலத்தில் ஒரு கோல் வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் ஓடுகிறான். வாப்பாவுக்கும் கடையில் நிற்கிற பொடியன்மாருக்கும் கேட்கக்கூடாதாம். கணக்குப் பார்த்தால் மகனுக்குத் தெரிந்த ஆங்கிலம் வாப்பாவுக்குத் தெரிந்த சிங்களத்தைவிடக் கூடத்தான்.

சிங்களம் அங்கே வியாபாரத்துக்கு. அது வேலை செய்தால் போதும். ஆங்கிலத்தை நாங்கள் அப்படி வைத்திருக்கவில்லை. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி 1814இல் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கியதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறை, ஆங்கிலம் படித்தால் கச்சேரியில் உத்தியோகம் என்ற நினைப்போடு வளர்ந்துவிட்டது. அதனால் ஒருவன் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னால் அவன் சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு, அவன் எந்தப் பள்ளிக்கூடம், எப்படிப்பட்ட குடும்பம், எவ்வளவு படித்தவன் என்று எடைபோடுகிறோம். பிள்ளைக்கு இது தெரியும். தெரிந்தபடியால்தான் வாய் மூடிக்கொள்கிறது. சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாளும் எழுதுகிற தாள்தான். அதற்கென்றே படித்த பிள்ளை வாய் திறக்காமலே ஏ எடுத்துவிடலாம்.

இந்தப் பயத்தை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எலைன் ஹோர்விட்ஸும் இன்னும் இருவரும் 1986இல் வெளியிட்ட கட்டுரை, அந்நிய மொழி வகுப்பில் வருகிற பயத்தை மூன்றாகப் பிரித்தது: ஆட்களோடு கதைக்கிற பயம், பரீட்சைப் பயம், மற்றவர்கள் குறைவாக நினைப்பார்களோ என்ற பயம். அதை அளக்க அவர்கள் ஆக்கிய 33 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தை இன்றும் பாவிக்கிறார்கள். பிறகு 1998இல் பீற்றர் மக்கின்டயரும் கூட இருந்தவர்களும் இன்னொன்றைத் தெளிவாக்கினார்கள். ஒருவர் அந்த நிமிடத்தில் வாய் திறப்பாரா என்பதற்கு மிகக் கிட்ட நிற்கிற காரணங்கள் இரண்டு: எதிரில் இருக்கிற அந்தக் குறிப்பிட்ட ஆளோடு கதைக்க விருப்பம் இருக்கிறதா, அந்த நேரத்தில் தன்மேல் நம்பிக்கை இருக்கிறதா. எதிரில் இருக்கிற ஆள் மாறினால் இரண்டும் மாறிவிடும்.

தெரிந்த சொல்லும் பயத்தில் வராமல் போவதற்குக் காரணம் உண்டு. ஒரு வசனத்தைக் கட்டும்போது சொற்களையும் அவற்றின் ஒழுங்கையும் கொஞ்ச நேரம் மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். 'சிரிப்பாங்களோ' என்ற கவலையும் வந்து உட்காருவது அதே சின்ன இடத்தில்தான். அதனால் இலக்கணத்தை இன்னும் படித்தால் பயம் போய்விடும் என்று நம்பிக் கிளாஸ் மாறி மாறிப் போகிறவர்களைக் காணும்போது எனக்கு மனம் கேட்பதில்லை.

ஆகவே ஒவ்வொரு வழியிலும் நான் முதலில் பார்ப்பது இரண்டு. கேட்கிறவர் ஆர்? ஒரு மணித்தியாலத்தில் என் வாய் எத்தனை நிமிடம் அசைகிறது?

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்

எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான், காசு அதிகம் போவதும் இதற்குத்தான். கணக்கைப் பாருங்கள். 40 பேர் இருக்கிற கிளாஸ், ஒன்றரை மணித்தியாலம். சேர் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தாலும் ஒருவருக்கு இரண்டேகால் நிமிடம்தான் கிடைக்கும். சேர் ஒரு மணித்தியாலம் கதைத்தால் முக்கால் நிமிடம். மாதம் நாலு கிளாஸ் என்றால், முழு மாதத்துக்கும் மூன்று நிமிடத்துக்குத்தான் நீங்கள் காசு கட்டுகிறீர்கள்.

அந்த முக்கால் நிமிடமும் எப்படிப் போகிறது? முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழும்பித் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் வரிசையில் இருக்கிற பெண்பிள்ளை, தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பாள். "மை நேம் இஸ்" என்பதிலிருந்து "ஐ ஆம் ஃப்ரொம் செங்கலடி" வரை உதட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பாள். மற்றவர்கள் சொல்வது அவள் காதில் விழாது. முறை வரும்போது எழும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இருந்துவிடுவாள். அப்புறம் பத்து நிமிடத்துக்கு நெஞ்சு படபடக்கும். அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஆர்? பக்கத்து வீதிப் பிள்ளைகள், கூடப் படித்தவர்கள், நாளைக்குக் கோயிலிலோ பஸ்ஸிலோ காணப்போகிறவர்கள். எந்தக் காதுக்குப் பயமோ அந்தக் காதுகளை 39 ஆக்கி முன்னால் வைத்துவிட்டுப் பயத்தைப் போக்கச் சொல்கிறோம்.

அதற்காகக் கிளாஸே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மூன்று விதமானவர்களுக்கு அது சரி. ஒன்று, அடிப்படையே இல்லாதவர்கள். "அவர் நேற்று வந்தார்" என்பதை ஆங்கிலத்தில் எழுதவும் தெரியாது என்றால் முதலில் படிக்கத்தான் வேண்டும். இரண்டு, நேரசூசி இல்லாவிட்டால் எதையும் செய்யாதவர்கள். மூன்று, கிளாஸ் என்று சொன்னால்தான் வீட்டில் வெளியே விடுவார்கள் என்ற நிலையில் இருக்கிற பெண்பிள்ளைகள். இந்த மூன்றாவது காரணத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. எங்கள் ஊர்களில் அது பெரிய காரணம்.

காசு கட்டுவதற்கு முன் ஒருநாள் போய் இருந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். போனால் இரண்டைக் கவனியுங்கள். பிள்ளைகளை இருவர் இருவராக ஆக்கிக் கதைக்க விடுகிறார்களா? அப்படிச் செய்தால் 40 பேர் இருந்தாலும் 20 வாய் ஒரே நேரத்தில் அசையும், கேட்பதும் ஒரே ஒரு காது. மற்றது, பிழையை எப்படித் திருத்துகிறார்கள்? ஒரு பிள்ளை "யெஸ்டடே ஐ கோ டு பாசிக்குடா" என்று சொல்லும்போது, நடுவில் மறித்து "கோ இல்ல, வென்ட்!" என்று சத்தமாகச் சொல்கிற ஆசிரியர் இருக்கிறார். "ஓ, யூ வென்ட் டு பாசிக்குடா! ஹூ வென்ட் வித் யூ?" என்று கேட்டு, சரியான வடிவத்தைக் காதில் போட்டுவிட்டுக் கதையை நகர்த்துகிறவரும் இருக்கிறார். இரண்டாமவர் கிடைத்தால் கொஞ்சம் தூரம் என்றாலும் பஸ் ஏறிப் போங்கள்.

ஒன்லைனில் ஒரு டீச்சர்

ஐடோக்கி, கேம்ப்ளி, பிரெப்லி போன்ற தளங்களில் வேறு நாட்டு ஆசிரியர் ஒருவரை நேரத்துக்குக் காசு கொடுத்துப் பிடிக்கலாம். கொழும்பிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ சூம் வழியாகத் தனியாகச் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. என் இரண்டு கேள்விகளுக்கும் இங்கே நல்ல பதில் இருக்கிறது. அரை மணித்தியாலத்தில் பாதிக்குமேல் உங்கள் வாய்தான் அசையும். கேட்பவர் உங்கள் ஊர்க்காரர் அல்ல. உங்கள் தகப்பனார் ஆர் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் தேவையும் இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் வருகிறது. வெளிநாட்டுத் தளம் என்றால் டொலர் கணக்கு, வங்கி அட்டை வேண்டும். அது எல்லா வீட்டிலும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வீடுதான். எங்கள் வீடுகளில் கதவு பூட்டித் தனியாக இருக்கிற அறை எத்தனை பிள்ளைக்கு இருக்கிறது? பிள்ளை காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு "ஹலோ, ஹவ் ஆர் யூ" என்று தொடங்கியதும் குசினியிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "ஆரோட மனே கதைக்கிறாய்?" தம்பி வாசலில் நின்று அதேமாதிரிச் சொல்லிக் காட்டுவான். அண்ணா ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் டிவியின் சத்தத்தைக் குறைப்பார். அது போதும். டீச்சர் எங்கோ மணிலாவில் இருந்தாலும் பயத்துக்குரிய காதுகள் சுவருக்கு அந்தப் பக்கம்.

இதற்கு நேரத்தை மாற்றுவதுதான் வழி. விடிய எல்லாரும் எழும்ப முன், அல்லது வீடு வெறுமையாகிற மத்தியானம். முதல் மாதம் வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லிவைப்பதும் நல்லது: நான் கதைக்கிற நேரம் ஆரும் சிரிக்கக்கூடாது, திருத்தவும் கூடாது. கேட்க வெட்கமாக இருக்கும். கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் விசாவுக்கும் கேட்கிற ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எடுக்கப் போகிறவர்களுக்கு இந்த வழியில் காசு போடுவது வீண் இல்லை. அந்தப் பரீட்சையின் பேச்சுப் பகுதி ஒரு பரீட்சகரோடு 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஒரு தலைப்பைத் தந்து ஒரு நிமிடம் ஆயத்தப்படுத்த விட்டு, இரண்டு நிமிடம் வரை கதைக்கச் சொல்வார்கள். புள்ளி நாலு விஷயத்துக்குச் சமமாகப் பிரியும்: தடங்கலில்லாமல் தொடர்ந்து கதைப்பது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. அதாவது இலக்கணம் காற்பங்குதான். பிழைவிடுவேனோ என்று நிறுத்தி நிறுத்திக் கதைக்கிறவர் அந்தக் காற்பங்கைக் காப்பாற்றப் போய் இன்னொரு காற்பங்கை விட்டுவிடுகிறார். எங்கள் தமிழ் வாடை உச்சரிப்பில் இருப்பதும் குற்றம் அல்ல, விளங்கினால் சரி.

அறுகம்பைக்குப் போய்க் கதைப்பது

பொத்துவில், அறுகம்பைப் பக்கம் ஏப்ரல், மே தொடக்கம் ஒக்டோபர் வரை அலைக்காலம். அந்த மாதங்களில் அங்கே ஓட்டோ ஓடுகிற காக்காமாரைக் கவனித்திருக்கிறீர்களா? அலைப்பலகையோடு வருகிறவரைப் பார்த்து, "டுடே பீநட் ஃபார்ம் குட். எலிஃபன்ட் ரொக் ஸ்மோல். கோ நவ், டுமோரோ விண்ட்" என்பார். ஒரு வினைச்சொல்தான் முழுதாக இருக்கும். ஆனால் எந்த முனையில் அலை நல்லம், எங்கே சின்னது, நாளைக்கு ஏன் சரிவராது என்ற முழுத் தகவலும் போய்ச் சேர்ந்துவிட்டது. பலகையை ஓட்டோவில் கட்டத் தொடங்கிவிடுவார்கள். பட்டதாரிப் பிள்ளைகள் பலருக்கு வராத துணிவு அது. அதைக் கிட்ட நின்று பார்ப்பதே ஒரு படிப்பு என்று நான் மனதார நினைக்கிறேன்.

இன்னொரு நன்மையும் உண்டு. அங்கே வருகிற பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஜெர்மன்காரரும் இஸ்ரேல்காரரும் ரஷ்யரும் சொல் தேடித் தடுமாறுவதைக் காதால் கேட்டால், ஆங்கிலத்தில் தடுமாறுகிற ஆள் நாங்கள் மட்டும் இல்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

என்றாலும் வேலை இல்லாமல் வெறுமனே ஆங்கிலம் பழகப் போய், கடற்கரையில் படுத்திருக்கிறவரிடம் "வேர் ஆர் யூ ஃப்ரொம்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதை நான் சொல்லமாட்டேன். அவர்கள் ஓய்வுக்கு வந்தவர்கள், அது அவர்களுக்குத் தொல்லை. ஒரு கடையிலோ தங்குமிடத்திலோ அலைக்காலத்துக்கு வேலை எடுத்தால்தான் கதைக்க நியாயமான காரணம் கிடைக்கும். அப்படிக் கிடைத்தாலும் வசனங்கள் சீக்கிரம் ஒரு வட்டத்துக்குள் நின்றுவிடும். விலை, தூரம், அலை, சாப்பாட்டில் உறைப்பு. பெண்பிள்ளைகளுக்கு இந்த வழியை வீட்டில் பெரும்பாலும் விடமாட்டார்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிற பொத்துவில், கோமாரி, திருக்கோவில் பொடியன்மாருக்குத்தான் இதை முதல் தெரிவாகச் சொல்வேன். பாசிக்குடா ஹோட்டல்களுக்குக் கிட்ட இருக்கிற கல்குடா, வாழைச்சேனைப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

தனியே, போனோடு

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒருவர் கதைப்பதைக் கேட்டுக்கொண்டே நிழல்போலப் பின்தொடர்ந்து சொல்வது, தன் குரலைப் பதிவுசெய்து கேட்பது, இரண்டும் நல்ல பயிற்சி. நாக்குப் பழகும், உச்சரிப்புத் திருந்தும். டுவோலிங்கோ என்ற மொழி பழகும் செயலியில் பெரும்பாலும் விரல்தான் வேலை செய்கிறது. சாட்ஜிபிடி போன்ற செயலிகளோடு குரலால் கதைக்கலாம், இரவு பன்னிரண்டு மணிக்கும் சலிக்காமல் பதில் சொல்லும். இதுவரை ஒரு வசனமும் சத்தமாகச் சொல்லாதவருக்கு முதல் இரண்டு கிழமை இதுதான் நல்ல இடம்.

அதற்கு மேல் அங்கேயே நிற்கக்கூடாது. செயலி உங்களைப் பற்றி ஊரில் போய் ஒன்றும் சொல்லாது என்று மனதுக்குத் தெரியும். அதனால் அதோடு எவ்வளவு கதைத்தாலும் மனிதர் முன்னால் வருகிற பயம் அசையாமல் அப்படியே இருக்கும். அறைக்குள் சரளமாகக் கதைத்துவிட்டு, ஒரு ஆளைக் கண்டதும் பழையபடி வாய் அடைத்துப்போனவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

ஒரு கூட்டாளி, முடிந்தால் இருவர்

எனக்கு மிகவும் நம்பிக்கையான வழி இது. காசு போகாது, சான்றிதழ் கிடைக்காது, முகநூலில் விளம்பரமும் வராது. அதனாலேயே ஆரும் கேட்பதில்லை.

கேட்கிற காது உங்கள் ஊர்க்காதுதான். ஆனால் ஒன்றே ஒன்று, அதுவும் நீங்கள் தெரிவுசெய்த காது. அந்த ஆளும் அடுத்த நிமிடம் உங்கள் முன்னால் பிழைவிடப் போகிறார். பயப்படுகிற அதே காதுக்கு, தாங்கக்கூடிய அளவில், திரும்பத் திரும்பப் பழக்கப்படுகிறீர்கள். வெளிநாட்டு டீச்சராலும் செயலியாலும் இதைத் தர முடியாது.

எப்படிக் கதைப்பது என்பதற்கு நல்ல முறை ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியர் போல் நேஷன் ஆராய்ந்து எழுதிப் பரவிய முறை, நாலு மூன்று இரண்டு என்பார்கள். ஒரே விஷயத்தை முதலில் ஒருவருக்கு நாலு நிமிடம் சொல்ல வேண்டும். அதையே இன்னொருவருக்கு மூன்று நிமிடத்தில், பிறகு இன்னொருவருக்கு இரண்டு நிமிடத்தில். விஷயம் மாறாது, நேரம்தான் குறையும். கேட்பவர் குறுக்கே கதைக்கக்கூடாது. மூன்று பேர் மாறி மாறிக் கேட்பது மூலமுறை. இரண்டு கூட்டாளிகள் இருந்தால் மூன்றாவது முறையை வட்ஸ்அப்பில் குரல்பதிவாகப் போடலாம். ஒருவர்தான் என்றால் அவருக்கே மூன்று தரம் சொல்லுங்கள், அதுவும் பலன் தரும்.

தலைப்பை உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததிலிருந்து எடுங்கள். புவி வெப்பமடைதல் வேண்டாம். களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டு விறாந்தையில் இரண்டு பிள்ளைகள் பாடும்மீனைப் பற்றிக் கதைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற முனையில் காதை வைத்தால் சத்தம் கேட்கும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கதை. ஆங்கிலத்தில் அதை ஒருநாளும் சொன்னதில்லை. முதல் நாலு நிமிடத்தில் துடுப்பு என்ற இடத்தில் பிள்ளை நின்றுவிட்டாள். சொல் வரவில்லை. மேலே பார்த்தாள், கையால் வலித்துக் காட்டினாள், கடைசியில் "த வுட் திங், ஃபோ த போட்" என்றாள். மற்றவள் தலையாட்டினாள், கதை நகர்ந்தது. மூன்று நிமிடத்தில் அந்த இடத்தில் நிற்கவே இல்லை, "த போட் வுட்" என்று சொல்லிக்கொண்டு தாண்டிப் போனாள். இரண்டு நிமிடத்தில், "யூ புட் த வுட் இன் த வோட்டர், யூ புட் யுவ இயர், அண்ட் யூ லிஸின்" என்று, போன் மணி அடிக்க முன்னமே முடித்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த வியப்பை நான் பார்த்தேன். துடுப்புக்கு ஆங்கிலச் சொல்லை அப்புறம் போனில் தேடி எடுத்தார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், என்ன சொல்வது என்று யோசிக்கிற வேலை முதல் தடவையோடு முடிந்துவிடுகிறது. அடுத்த இரண்டு தடவையும் எப்படிச் சொல்வது என்பதற்கு மனம் முழுதாகக் கிடைக்கிறது. கவலைக்கு இடம் குறைகிறது. பாடும்மீன் முடிந்தால் எருமைத்தயிர் போடுவது, மருதமுனைக் கைத்தறி, மாமாங்கத்துத் தீர்த்தம், வெள்ளாமை வெட்டு, நோன்பு காலத்துக் கஞ்சி என்று போகலாம். வெளியூரார் எப்படியும் ஒருநாள் உங்களிடம் கேட்கப்போகிற விஷயங்கள் இவை.

கூட்டாளியை எடுக்கும்போது கவனம் வேண்டும். உங்களைவிட மிக நன்றாகக் கதைப்பவர் வேண்டாம், அவர் டீச்சர் ஆகிவிடுவார். அண்ணா, அக்கா, மச்சான், ராத்தா வேண்டாம். மற்றவர்களின் பேச்சைக் கேட்டுப் பழிப்புக் காட்டுகிற பழக்கம் உள்ளவரைக் கிட்டவும் எடுக்காதீர்கள். உங்கள் அளவுக்கே பயப்படுகிற ஒருவர் நல்லம்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். முதல் மாதத்துக்குள் பல சோடிகள் நின்றுவிடும். ஒரு நாள் மழை, ஒரு நாள் கலியாண வீடு, பிறகு ஆரும் கூப்பிடுவதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிழை இருந்தால் அது அப்படியே ஊறிப்போகும். பத்து நிமிடத்தில் தமிழுக்கு மாறி ஊர்க்கதையில் போய் நிற்பதும் உண்டு. கிழமையில் இரண்டு நாள், அரை மணித்தியாலம், நேரம் மாறாது என்று வைத்துக்கொண்டால் முதலாவது பிரச்சினை குறையும். பிழைக்கு, மாதத்தில் ஒரு தடவை ஒரு ஆங்கில ஆசிரியரிடம் உங்கள் குரல்பதிவைக் கொடுத்து, அடிக்கடி வருகிற இரண்டு பிழைகளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். இருபதைச் சொல்ல வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

ஆருக்கு எது

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ ஆங்கில மூலத்தில் படிக்கத் தொடங்குகிற முதலாம் வருடப் பிள்ளைக்கு என் பதில் கூட்டாளிதான். விடுதி அறையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். முன்வைப்பு வந்தால் அதையே நாலு, மூன்று, இரண்டு என்று அறைத்தோழரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். கிளாஸுக்குக் கட்டுகிற காசை மிச்சம் பிடிக்கலாம்.

கொரியாவுக்கு வேலைக்குப் போகப் படிக்கிறவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. அந்த மொழித் தேர்வு வாசிப்பும் கேட்டலும்தான். ஜப்பானிய மொழியின் ஜேஎல்பிடி பரீட்சையிலும் கதைக்கிற பகுதி இல்லை. எழுத்தும் சத்தமும் புதிது என்பதால் கிளாஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் கிளாஸ் சித்தியடைய வைக்கும், வாயைத் திறக்க வைக்காது. அங்கே போனபின் மேற்பார்வையாளர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. அதே கிளாஸில் இருந்து ஒருவரைப் பிடித்து, பஸ் வரும்வரை அன்று படித்ததைச் சத்தமாகச் சொல்லிப் பழகினால் இரண்டும் கிடைக்கும்.

பிள்ளைகள் லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கிற அம்மாமார் பலர், பேரப்பிள்ளையோடு கதைக்க ஆங்கிலம் பழகலாமா என்று கேட்கிறார்கள். கிளாஸ் ஒன்றும் வேண்டாம் அம்மா. அந்தப் பேரப்பிள்ளையே போதும். படப்புத்தகத்தை வீடியோ கோலில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்களும் கூடச் சொல்லுங்கள். அது ஒரு சொல்லைச் சொல்லித்தந்தால் நீங்கள் ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, இன்டர்வியூவுக்கு இரண்டு கிழமைதான் இருக்கிறது என்று ஓடி வருகிறவர்கள். அவர்களுக்குக் கிளாஸ் பயனில்லை, கூட்டாளி தேடவும் நேரம் இல்லை. காசு இருந்தால் ஒன்லைனில் ஒருவரைப் பிடித்து அவரை இன்டர்வியூ எடுக்கச் சொல்லுங்கள். காசு இல்லாவிட்டால் நான் சொல்கிற வேலை இது: உங்கள் போன் கொம்பனியின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு அடியுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று தெரிவு வரும்போது ஆங்கிலத்தை அழுத்துங்கள். எதிரில் வருகிறவர் உங்களை ஒருநாளும் காணப்போவதில்லை, நீங்கள் கேட்பதைக் கேட்டுப் பதில் சொல்வது அவர் வேலை. உங்கள் டேட்டா பெக்கேஜ் எப்போது முடியும், அதைவிட மலிவானது இருக்கிறதா என்று உண்மையாகவே தெரிய வேண்டியதைக் கேளுங்கள். விளங்காவிட்டால் "சொறி, குட் யூ ரிப்பீட் தட் ப்ளீஸ்?" என்று கேளுங்கள். இன்டர்வியூ மேசையிலும் இந்த வசனம் கட்டாயம் தேவைப்படும், அங்கே முதல்தடவையாகச் சொல்லக்கூடாது. அடுத்த நாள் வங்கிக்கு அடியுங்கள், அதற்கடுத்த நாள் கொழும்புக்கு வீட்டுச் சாமான் அனுப்புகிற கூரியர் கொம்பனிக்கு. முதல் இரண்டு கோலையும் வளவு மூலையில் நின்று எடுத்தாலும் பரவாயில்லை, மூன்றாவதை விறாந்தையில் இருந்து, வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே எடுங்கள்.